மூணு ஆம்ப்பும் சோமனூர் ஸ்ட்ரைக்கும்

பம்ப் நல்லாருக்குதா இல்லையான்னு சொல்றதுதானுங்க என் வேலை. சூலூருக்குப் பக்கத்துல ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில டெஸ்டிங் செக்சன். ஒரு நாளைக்கு நாப்பது பம்ப் வரும். தண்ணியில எறக்கி, ஓட்டி, காதைக் குடுத்துக் கேட்டுப்போட்டு நாலே நிமிசத்துல முடிவு சொல்லிருவேன். பாஸுன்னா பாஸ், திருப்பி அனுப்புன்னா திருப்பி அனுப்புதான். மேனேஜரே வந்து கெஞ்சினாலும் மாத்தமாட்டேன். அப்பேர்ப்பட்ட நான் கிட்டார் சத்தத்தைக் கூட்டித் தர்ற ஆம்ப்ளிஃபயர், அதான் ஆம்ப், ஒண்ணு வாங்கறதுக்கு ரெண்டு வருசம் முழிச்சேன்னு சொன்னா யாராவது நம்புவாங்களா? என்னைக் கேட்டா நானே நம்பமாட்டேன்.

பேரு மௌனிகா. பொறந்தப்ப நான் அழவே இல்லையாம், அதனால எங்கப்பா வெச்ச பேரு. அவரைக் குத்தம் சொல்லி என்னத்துக்கு ஆகுது.

எங்க பேண்டுல மூணே பேரு. நான் கிட்டார். எங்க சித்தப்பா பையன் பவன் பேஸ் கிட்டார். டிரம்ஸ் அஃப்ஷீன். ஸ்கூல்ல எனக்குப் பக்கத்து பெஞ்சு, அப்புறம் ஆர்.எஸ்.புரத்துல ஒரு கிளினிக்ல பிசியோதெரபி பாத்துட்டிருந்தா. பாடறதுக்கு ஆளே கிடைக்கலை. கிடைச்ச ரெண்டு பேரும் கல்யாணம் ஆகிப் போயிட்டாங்க. அதனால எங்க நாலு பாட்டுக்கும் வரி கிடையாது, வாசிப்பு மட்டும்தான். மெட்டல்னு சொல்லுவாங்க. பிடிக்காதவங்க, மிக்சியில சில்லறையைப் போட்டு ஓட்டற மாதிரி இருக்குதும்பாங்க. பிடிச்சவங்களும் அதையேதான் சொல்லுவாங்க, சந்தோசமாச் சொல்லுவாங்க.

இந்தச் சத்தத்தை எங்க ஆர்.எஸ்.புரத்து அபார்ட்மெண்ட்ல வெச்சு வாசிக்க முடியுமா? ஒரு நாள் ஒயரைச் சொருகி ரெண்டு தட்டுத் தட்டினோம், அசோசியேசன் மீட்டிங்கே போட்டுட்டாங்க. அப்பத்தான் சோமனூர் சுப்பண்ணன் கைகுடுத்தார். எங்கப்பாவுக்கு நூல் யாவாரத்துல பழக்கம். இருபத்தி நாலு விசைத்தறி ஓட்டறார். தறிக்குடோனை ஒட்டி நூல் அடுக்கற ரூம் ஒண்ணு இருந்துச்சு. "சனிக்கிழமை மத்தியானம் தறி ஓடறப்பவே வாசிச்சுப்போடுங்க கண்ணு, ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது"ன்னார். நெசந்தான். இருபத்தி நாலு தறி ஓடறப்ப பக்கத்துல வெடி வெச்சாலும் தெரியாது. எட்டு வருசம், சனிக்கிழமை தவறாம, பஸ்ஸுல போய் அங்க வாசிச்சோமுங்க. ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கலை.

ஒரே குறை, என் ஆம்ப். பதினஞ்சு வாட்டு, டிரான்சிஸ்டர் பொட்டி. ஸ்டூல் மேல வெச்சு நான் அது கூடவே ஒட்டி நின்னுதான் வாசிக்கணும். போன்ல பதிஞ்சு கேட்டா தறி மட்டும்தான் கேக்கும். நமக்கு நல்ல ஆம்ப் இல்லை, அதான் கெரகம் இப்படிக் கேக்குதுன்னு முடிவு பண்ணினேன். வாங்கினா வால்வு ஆம்ப், அதுவும் ஹை கெயின் வாங்கணும். பம்ப்புல இருக்கற வால்வு இல்லைங்க. பழைய ரேடியோவுல கண்ணாடிக் குழலுக்குள்ள செவப்பா எரியுமே, அது. ஹை கெயின்னா, கம்பியை லேசாத் தொட்டாலே அதைப் பிடிச்சு ஊதி ஊதி உறுமலாக்கித் தரும். மெட்டலுக்கு அது இல்லாம ஆகாது.

எது வாங்கறதுன்னு வாயைத் தெறந்து நாலு பேர்கிட்டக் கேட்டேன் பாருங்க, அங்கதான் என் புத்தி கெட்டுப்போச்சு.

பவன்தான் மொதல்ல ஆரம்பிச்சான். சரவணம்பட்டியில ஐ.டி. வேலை, ராத்திரி பகல் வீடியோ பாக்கறவன். "அக்கா, அமெரிக்கன்தான். நூறு வாட். அம்பது வாட்டுல மூச்சு முட்டும்"ன்னான். சரின்னு நான் மனசைத் தேத்திக்கிட்டு பத்து நாள் ஆகலை, "அக்கா, அம்பது வாட்டே போதும். நூறு வாட்டை முழுசாத் தெறக்கறதுக்குள்ள காது போயிரும்"ன்னு வந்தான். அடுத்த மாசம் திரும்பவும் நூறுக்கே போயிட்டான். கேட்டா, அந்த வீடியோக்காரரே மாத்திச் சொல்லிட்டாராம்.

அடுத்தது கிருபாசங்கர் மாஸ்டர். ஆர்.எஸ்.புரத்துல கிட்டார் சொல்லிக்குடுக்கறவரு, கோயமுத்தூர்ல பாதி பேருக்கு அவருதான் விரல் பிடிச்சு வெச்சவரு. கண்ணை மூடிக்கிட்டு, "பிரிட்டிஷ் சவுண்டுதானுங்க மௌனிகா. அதுல ஒரு கரகரப்பு இருக்கும். ஆனா ஒண்ணுங்க, கெயின் குமிழை மூணுக்கு மேல வெக்காதீங்க, சத்தம் கூழாயிரும்"ன்னார்.

"மூணுலதான் வெக்கணும்னா ஹை கெயின் எதுக்குங்க மாஸ்டர்?"

"இருக்கணுமுங்க. ஆனா உபயோகிக்கக் கூடாதுங்க."

இதுக்கு மேல அந்த மனுசன்கிட்ட என்ன பேசறது, சொல்லுங்க.

மூணாவது, எங்க சுந்தரராஜுலு மாமா. கணபதியில டிரான்ஸ்ஃபார்மர் சுத்தற பட்டறை வெச்சிருக்கறார். நான் போன்ல ஒரு ஆம்ப்போட படத்தைக் காட்டி வெலையைச் சொன்னேன். மாமா கண்ணாடியை ஏத்திப்போட்டு, படத்தை விரலால இழுத்து இழுத்துப் பாத்தார். "உள்ள என்ன இருக்குது? ரெண்டு டிரான்ஸ்ஃபார்மர், நாலு குழல், கொஞ்சம் ஒயரு. இதுக்கா இந்த வெலை? நாமளே செஞ்சுபோடலாம் அம்மணி"ன்னார். எங்க ஊர் ஆம்பளைங்களுக்கு இது ஒரு வியாதிங்க. எந்த மிசினைக் கண்டாலும் கழட்டிப் பாத்துப்போட்டு நாமளே செஞ்சுபோடலாம்பாங்க. பாதி நேரம் செஞ்சும்போடுவாங்க, அதான் கொடுமை.

சுப்பண்ணனையும் கேட்டேன், ஏன் விடணும்னு. "வாங்கறதே வாங்கறீங்க, பெருசாப் பாத்து வாங்கிப்போடுங்க கண்ணு"ன்னார். இருந்ததுல அவரு ஒருத்தருதான் கடைசி வரைக்கும் ஒரே பேச்சுல நின்னவரு.

இப்படியே ரெண்டு வருசம் போச்சு. ஒருத்தர் சொல்றதைக் கேட்டு முடிவு பண்ணுவேன், அடுத்த ஆள் வந்து கலைச்சுப்போடுவார். எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு நடுக்கம், தப்பானதை வாங்கிட்டா அப்புறம் அதையேதானே காலம்பூரா கேக்கணும்னு. பம்ப்பைத் திருப்பி அனுப்பலாம், இதை யாருக்கு அனுப்பறது?

போன மாசம் ஒரு நாள் அஃப்ஷீன் பேக்கரிக்குக் கூப்பிட்டா. டீயும் தேங்கா பன்னும் வந்துச்சு. பன்னைப் பிச்சுப் பிச்சு வெச்சுட்டே, "அயர்லாந்து ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருச்சுடீ. இருபத்தி ஒண்ணாந்தேதி ஃபிளைட்"ன்னா. நான் அவ பன்னையும் சேத்துத் தின்னேன். என்ன பண்றதுன்னு தெரியலைன்னா நான் தின்னுருவேன். பன்னெண்டு வருசப் பழக்கமுங்க. கூடப் பொறந்தவ இருந்திருந்தாக்கூட இவ்வளவு சண்டை போட்டிருக்கமாட்டேன்.

அன்னிக்கு ஊட்டுக்கு வந்து ஒண்ணே ஒண்ணு நெனச்சேன். அவ போறதுக்குள்ள ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த நாலு பாட்டையும் நல்ல ஆம்ப்புல அவகூட வாசிச்சுப்போடணும். வேற எதுவும் எனக்கு வேண்டியதில்லை.

பவன்கிட்டயும் மாஸ்டர்கிட்டயும் மாமாகிட்டயும் சொன்னேன்: "இனிப் பேச்சு வேண்டாம். பதினெட்டாந்தேதி சனிக்கிழமை அவங்கவங்க ஆம்ப்போட சோமனூர் வாங்க. வாசிச்சுப் பாத்து ஒண்ணை எடுத்துக்கறேன்." கம்பெனியில பேசற தோரணையில சொன்னேன், மூணு பேரும் அடங்கிட்டாங்க.

அந்த நேரம் பாத்து சோமனூர்ல ஸ்ட்ரைக். நூல் குடுத்து நெய்யச் சொல்ற ஜவுளிக்காரங்க நெசவுக் கூலியை ஏத்தித் தரணும்னு, தறி வெச்சிருக்கறவங்க எல்லாரும் தறியை நிறுத்திப்போட்டாங்க. சுப்பண்ணனே போன் பண்ணினார். "கண்ணு, தறி நின்னு ஒரு வாரமாச்சு. ஊர்ல ஈ பறந்தாக் கேக்குது. சத்தமில்லாம தூக்கம் வரமாட்டேங்குதுன்னு பாதிப் பேரு ராத்திரி ரோட்டுல நடக்கறாங்க. இதுல நீங்க வந்து வாசிச்சீங்கன்னா..."

"அண்ணா, அவ போறாளுங்க. இதுதானுங்க கடைசி சனிக்கிழமை."

"சரி வாங்க. மெதுவா வாசிங்க"ன்னு வெச்சுட்டார். மெட்டலை மெதுவா வாசிக்கறது எப்படின்னு நான் கேக்கலை.

பதினெட்டாந்தேதி மத்தியானம் எல்லாரும் வந்து சேந்தாங்க. பவன் பெங்களூர் சினேகிதன்கிட்ட அமெரிக்கன் ஒண்ணைக் கடன் வாங்கிட்டு வந்தான், நூறு வாட், கறுப்புப் பொட்டி. மாஸ்டர் தன்னோட பிரிட்டிஷ் ஆம்ப்பைப் போர்வையில சுத்தி, குழந்தையாட்டம் மடியில வெச்சுக் கொண்டுவந்தார். மாமா மினி டெம்போவுல வந்தார். நாலு பேரு சேந்து எறக்கினாங்க. நாப்பத்தி ரெண்டு கிலோ. பச்சைப் பெயிண்டு, பம்ப்செட் பேனலுக்கு அடிக்கற அதே பச்சை. முன்னால ஒரு ஸ்டார்ட்டர் பொட்டி. பச்சைப் பட்டனை அமுக்கினா ஆன், செவப்பை அமுக்கினா ஆஃப். ஒரு ஆம்பியர் மீட்டரு, ஒரு இண்டிகேட்டர் லேம்பு, ரிவெட் அடிச்ச பேரு பலகை.

"அந்தக் கண்ணாடிக் குழலை மட்டும் வெளிய வாங்கிக்கிட்டேன் அம்மணி. மத்ததெல்லாம் நம்ம கைவேலை. இருபத்தி நாலு மணி நேரம் தொடர்ந்து ஓட்டலாம்"ன்னார் மாமா. கிருபாசங்கர் மாஸ்டர் அதைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்து பாத்துட்டு, போர்வையை எடுத்துத் தன் ஆம்ப்பை மறுபடியும் மூடினார்.

மொதல்ல பவனோட அமெரிக்கன். மொதப் பாட்டு ஆரம்பிச்சோம். பத்து எண்ணறதுக்குள்ள அஃப்ஷீன் அடிக்கறதை நிறுத்திப்போட்டா. குச்சி ரெண்டும் மேல, வாய் தெறந்திருக்குது.

"என்னடி?"

"கேக்குது" அப்படின்னா.

"என்ன கேக்குது?"

"நீ வாசிக்கறது."

எனக்குப் புரியலை. அவ சொன்னா, "என் முதுகுக்குப் பின்னாலதான் தறிச் செவுரு. எனக்கு எந்தக் காலத்துல கேட்டுச்சு? எட்டு வருசமா உன் வலது கையைப் பாத்துப் பாத்துத்தான் அடிச்சுட்டிருக்கேன்."

"எட்டு வருசமா?"

"ஊட்ல அடிச்சுப் பழக எனக்கு ரப்பர் தட்டு, உனக்கு ஹெட்போன். போன்ல பதிஞ்சா தறி. வேற எங்க கேக்கறது? உனக்காவது நான் அடிக்கறது கேக்குதேன்னு நெனச்சுக்கிட்டேன்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமில்லடி!"

"ஆம்ப் வாங்கறேன் ஆம்ப் வாங்கறேன்னியே, வாங்கினாச் சரியாப்போயிரும்னு இருந்தேன்."

மாஸ்டர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். பவன் மேல பாத்தான். ஊர்ல இருக்கறவன்கிட்டயெல்லாம் ஆம்ப்பைப் பத்திக் கேட்டேனுங்க, என் பின்னால ஆறடியில உக்காந்திருக்கறவளை ஒரு வார்த்தை கேக்கலை. எனக்கு என் மேலேயே அப்படி ஒரு கோவம் வந்துச்சு.

மாஸ்டரோட பிரிட்டிஷுக்கு மாத்தினோம். ரெண்டாவது பாட்டு நல்லாப் போச்சு. மூணாவது பாட்டுல ஒரு நடுப்பகுதி இருக்குதுங்க. அது என் பெருமை. ஏழு ஏழா எண்ணி வாசிக்கறது. அதை வெரலுக்குக் கொண்டுவர ஆறு மாசம் ஆச்சு எனக்கு. அது வந்ததும் அஃப்ஷீன் திரும்பவும் நிறுத்திப்போட்டா.

"இது என்ன, ஏழா?"

"பின்ன?"

"நான் நாலு நாலா அடிச்சுட்டிருக்கேன்!"

பவன் விரல் விட்டு எண்ணினான். இருபத்தெட்டுல ரெண்டும் ஒண்ணா வந்து முட்டிக்கும். அதனால முடியறப்ப சரியா முடிஞ்சிரும், எவனுக்கும் சந்தேகம் வந்ததில்லை. ஆம்ப்போட ஒட்டி நின்ன எனக்கும் தறிச் சத்தத்துல அவ அடி சரியாக் கேட்டதில்லை. எட்டு வருசமா ஒரே ரூம்ல உக்காந்து ஆளுக்கொரு பாட்டு வாசிச்சிருக்கறோமுங்க.

"நீ எதை வாசிச்சே?"ன்னு பவனைக் கேட்டேன். "நீங்க ரெண்டு பேரும் என்ன பண்றீங்கன்னு தெரியாம, அந்த எடத்துல ஒரே கம்பியைத்தான் தட்டிட்டிருப்பேன் அக்கா"ன்னான். அவனை அடிக்கறதுக்குள்ள மாமா குறுக்க வந்து, "நம்மளதை ஒரு தடவை ஓட்டிப் பாத்துரலாமே"ன்னார்.

பச்சைப் பட்டனை அமுக்கினார். டக்குனு ஒரு சத்தம். லேம்பு எரிஞ்சுது. குழல் சூடாகட்டும்னு ரெண்டு நிமிசம் காத்திருந்தோம். அப்புறம் நான் கம்பியில கையை வெச்சேனுங்க. ஜன்னல் கம்பி அதிர்ந்துச்சு. நூல் கோன் ரெண்டு அலமாரியில இருந்து உருண்டு விழுந்துச்சு. அஃப்ஷீன் ரெண்டு காலாலயும் பேஸ் டிரம்மைப் போட்டு மிதிமிதின்னு மிதிச்சா. எங்க மாமா வாயெல்லாம் பல்லு.

நாலாவது பாட்டு பாதி போறப்ப ஷட்டரைத் தட்டற சத்தம். சுப்பண்ணன் தெறந்தார். வெளிய எட்டுப் பேரு, பைக்குல வந்திருந்தாங்க. ஸ்ட்ரைக் கமிட்டி. முன்னால நின்னவரு லட்சுமணசாமி, கமிட்டிக்குத் தலைவரு. கண்ணெல்லாம் செவந்துபோய் நிக்கறார், ஆனா வாயில மரியாதை கொறையலை.

"ஏனுங்க சுப்பண்ணா, நீங்களே இப்படிப் பண்ணலாமுங்களா? பதினோரு நாளா ஊரே தறியை நிறுத்திப்போட்டு உக்காந்திருக்கறோமுங்க. நீங்க ஷட்டரைச் சாத்திப்போட்டு ஓட்டறீங்களாட்ட இருக்குது. நல்லாருங்க."

"சாமி சத்தியமா ஓட்டலைங்க! வேணும்னாப் பாருங்க"ன்னு சுப்பண்ணன் குடோனைத் தெறந்துவிட்டார். லட்சுமணசாமி உள்ள போய் ஒவ்வொரு தறி மோட்டாரா கையை வெச்சுப் பாத்தார். இருபத்தி நாலும் சில்லுனு இருந்துச்சு. யோசிச்சுட்டே எங்க ரூமுக்குள்ள வந்தார். பச்சைப் பெயிண்டு. ஸ்டார்ட்டர் பொட்டி. எரியற லேம்பு. கையை வெச்சார்.

"இது சூடா இருக்குதுங்க!"

எட்டுப் பேரும் உள்ள வந்துட்டாங்க. "எந்தத் தறிக்குங்க இந்த மோட்டார்?" "பெல்ட்டை எங்க ஒளிச்சு வெச்சிருக்கறீங்க?" ஒருத்தர் குனிஞ்சு அடியில தேடறார். மாமா, "மோட்டார் இல்லைங்க, ஆம்ப்புங்க"ன்னு நெஞ்சை நிமித்திச் சொல்றார். பேரு பலகையில அவரு பட்டறை பேருக்குக் கீழ எச்.பி. வேற போட்டிருந்துச்சு. கேட்டா, பழைய பலகை மிச்சமிருந்துச்சுங்கறார்.

"வாசிச்சுக் காட்டுங்க"ன்னார் லட்சுமணசாமி. வாசிச்சோம். கண்ணை மூடி, தலையைச் சாச்சு, முழுசாக் கேட்டார். அப்புறம் தீர்ப்பு சொன்னார். "தறி இல்லைங்க. தறின்னா நடுவுல நூல் அறுந்து நிக்கும். இது நிக்கவே மாட்டேங்குது." சுப்பண்ணன் நூல் மூட்டை மேல உக்காந்து தண்ணி கேட்டார்.

ஷட்டரை முழுசாத் தெறந்து வெச்சு வாசிக்கணும், அப்பத்தான் ஊர்ல வேற யாரும் தப்பா நெனைக்கமாட்டாங்கன்னு கமிட்டி உத்தரவு. தெறந்ததும் தெருவே வந்து நின்னுக்குச்சு. பதினோரு நாளா வேலையில்லாத ஊரு, வராம என்ன பண்ணும்? மூணு ஆம்ப்பையும் மாத்தி மாத்திப் போடச் சொன்னாங்க. போட்டோம். அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆரம்பிச்சுட்டாங்க. கறுப்புப் பொட்டிதான் கணீர்னு இருக்குதுங்கறார் ஒருத்தர். இல்லைங்க, போர்வை போத்தினதுதான் எதமா இருக்குதுங்கறார் இன்னொருத்தர். பச்சைதான் ஒழைக்கும்னு ஒரு கூட்டம் மாமா பக்கம் சேந்துக்குச்சு. கூலி விசயத்துல பதினோரு நாளா ஒத்துமையா இருந்த கமிட்டி, பத்து நிமிசத்துல மூணாப் பிரிஞ்சு நிக்குது. மாஸ்டர் யாருக்கோ கெயினை மூணுல வெக்கறதைப் பத்திப் பாடம் எடுக்கறார்.

எனக்குத் தலைக்கு ஏறிருச்சு. "எல்லாரும் வாயை மூடுங்க!"ன்னு ஒரு கத்துக் கத்தினேன். ஆம்ப்பே தேவைப்படலை. தெரு கப்சிப்னு ஆச்சு. அஃப்ஷீனைத் திரும்பிப் பாத்தேன்.

"நீ சொல்லுடி. எது?"

அவ குச்சியை மடியில வெச்சுட்டுச் சிரிச்சா. "எதுவா இருந்தா என்ன? இது இப்படி இருக்கும்னு ரெண்டு வருசம் முன்னாடியே கேட்டிருந்தா, நான் அயர்லாந்துக்கு எழுதியே போட்டிருக்கமாட்டேன்டீ."

வெளையாட்டுக்குத்தான் சொன்னா. தெருவுல நாலு பேரு சிரிச்சாங்க, பவனும் சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரலைங்க. ரெண்டு வருசம். நூறா அம்பதா, கெயின் மூணா நாலான்னு ரெண்டு வருசம். எல்லார் முன்னாலயும் மூக்கை உறிஞ்சிட்டு நின்னேன்.

"மூணாவது பாட்டு போலாம்"ன்னேன்.

"இரு, அந்த ஏழு கணக்கை எனக்கு ஒருதடவை எண்ணிக் காட்டு. பிடிச்சுக்கறேன்."

"வேண்டாம். உன்னோடதை அடி. நாலு நாலா. நான் வாரேன்."

எந்த ஆம்ப்புல ஒயரைச் சொருகினேன்னு இன்னிக்கு வரைக்கும் பவன் கேக்கறான், மாஸ்டர் கேக்கறார், மாமா ஊட்டுக்கே வந்து கேக்கறார். கைக்கு எது எட்டுச்சோ அதுல சொருகினேன், நான் பாக்கவே இல்லை. அஃப்ஷீன் நாலு எண்ணி ஆரம்பிச்சா. எட்டு வருசமா அவ அங்க உக்காந்து வாசிச்சுட்டிருந்த பாட்டுக்குள்ள நான் மொத தடவை போனேன். நடுப்பகுதியில என் ஏழு கணக்கை விட்டுப்போட்டு அவ நாலுல நடந்தேன்.

என்னோடதைவிட நல்லா இருந்துச்சுங்க. ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு, அவ்வளவு நல்லா இருந்துச்சு.